டாக்டரைக் கேளுங்கள்: கடலுக்குப் போகிற நாளில் மாத்திரையை விடலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் போன வருஷம் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். தினமும் குளோபிடோக்ரெல் 75 சாப்பிடுகிறார். இப்போது மறுபடி வல்லத்தில் தொழிலுக்குப் போகிறார். தூண்டில் முள் கையில் ஏறினால் ரத்தம் லேசில் நிற்பதில்லை. கடலுக்குப் போகிற நாளில் மட்டும் மாத்திரையை விட்டுவிடலாமா? ‘பியூரினெர்ஜிக் ஏற்பி’யை அடைக்கிற மாத்திரை என்கிறார்களே, அது என்ன?
*வாசகி, பாம்பன்*

பதில்: விடவே கூடாதும்மா. நீங்களாவது கேட்டீர்கள். நம் கரையில் பலர் யாரிடமும் கேட்காமலே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் என் பெரிய கவலை.

முள் குத்திய இடத்தில் தட்டணுக்கள் (டெங்கு வந்தால் எண்ணிப் பார்ப்போமே, அவைதான்) ஒட்டிக்கொண்டு அடினோசின் டைபாஸ்பேட் என்ற பொருளை வெளியே விடும். மற்ற தட்டணுக்களின் மேல் பி2ஒய்12 என்ற ஏற்பி, அதாவது சேதியை வாங்கிக்கொள்ளும் இடம், இருக்கிறது. அந்தப் பொருள் அதில் வந்து உட்கார்ந்ததும் அவையும் சேர்ந்து ஒட்டும், ரத்தம் கட்டும். கையில் கட்டினால் நல்லது. ஸ்டென்டுக்குள் கட்டினால் மாரடைப்பு.

குளோபிடோக்ரெல் அந்த ஏற்பியை அடைத்துவிடும். அடைபட்ட தட்டணு தன் ஆயுள் முடியும்வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அப்படியேதான் இருக்கும். அதனால் காலையில் மாத்திரையை விட்டுவிட்டு மதியம் கடலுக்குப் போனாலும் ரத்தம் சீக்கிரம் நிற்கப் போவதில்லை. அடிக்கடி விட்டால் ஸ்டென்ட் அடைக்கும் ஆபத்துதான் மிச்சம்.

முள் ஏறினால் நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து 15 நிமிடம் விடாமல் அழுத்தச் சொல்லுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் துணியை எடுத்துப் பார்க்கக் கூடாது. வலை இழுத்த உடம்புவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடவே வேண்டாம், வயிற்றுக்குள் ரத்தம் கசியும். வாயு மாத்திரையிலும் ஒமெப்ரசோல் வேண்டாம், அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். எத்தனை மாதம் சாப்பிட வேண்டும் என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ஆகியிருந்தால் போய்க் கேளுங்கள்.

நீங்கள் கேட்ட பியூரினெர்ஜிக் ஏற்பிகள் ஒரு பெரிய குடும்பம், பி2ஒய்12 அதில் ஒன்று. செல்லுக்குச் சக்தி தரும் அடினோசின் ட்ரைபாஸ்பேட், நரம்பிலிருந்து வெளியே வந்து சேதியும் சொல்கிறது என்று 1972-ல் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் என்ற ஆராய்ச்சியாளர் எழுதியபோது பலர் நம்பவில்லை. இன்று வலி, தீராத இருமல், சிறுநீர்ப்பைக் கோளாறு என எங்கு பார்த்தாலும் இந்த ஏற்பிகள்தான் பேச்சு. உங்கள் அப்பாவின் மாத்திரையும் இந்தக் குடும்பத்தை நம்பித்தான் வேலை செய்கிறது.

கேள்வி: இரவுத் தொழிலில் கண் சொருகாமல் இருக்கக் கடுங்காப்பி குடிக்கிறேன். விடிந்து கரைக்கு வந்தால் தூக்கமே வருவதில்லை. ஏன்?
*வாசகர், தங்கச்சிமடம்*

பதில்: இதுவும் அதே குடும்பம்தான். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகும். அது தன் ஏற்பியில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். காப்பியில் உள்ள கஃபீன் அந்த இடத்தை முந்திப் பிடித்துக்கொள்கிறது. குடித்து ஏறக்குறைய 5 மணி நேரம் ஆனாலும் பாதி கஃபீன் உடம்பிலேயே இருக்கும். படகு ஏறும்போது குடியுங்கள், சரி. நடுச்சாமத்துக்கு மேல் வேண்டாம்.