துண்டுச் சீட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் ரெடிங் நகரில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். மூன்று வருடமாக 1980களின் வீட்டுக் கணினிகளுக்கான விற்பனைப் பிரசுரங்களைச் சேர்த்து வருகிறேன். சின்க்ளேர், ஏகார்ன், கமடோர், டிராகன் என்று 140 வரை சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே மைதானத்தில் கார் டிக்கியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்பார்கள், பெரும்பாலும் அங்கே வாங்கியவை. போன முறை கோவை வந்தபோது நல்ல அட்டைகளை எல்லாம் லேமினேஷன் போட்டுவிட்டேன். உள்ளே செருகியிருந்த விலைப்பட்டியல், ஆர்டர் படிவம், கடை முத்திரை குத்திய துண்டுச் சீட்டு போன்றவற்றைக் கழித்துவிட்டேன். மனைவி இதெல்லாம் குப்பை என்கிறார். ஸ்கேன்கள் இணையத்திலேயே கிடைக்கும்போது தாளைச் சேர்ப்பதில் அர்த்தம் உண்டா? இல்லை, கணினிகளையே வாங்கிச் சேர்க்க வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். போன வாரம் பீரோவை நகர்த்தும்போது ஒரு பழைய உறை கையில் அகப்பட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

மனைவி சொல்வதற்கு என்னிடம் பதில் கேட்காதீர்கள். என் வீட்டிலும் இதே வழக்கு முப்பது வருடமாக நிலுவையில் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லலாம். கோட்டையூரில் சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்துவைத்தார். சென்னையில் அவர் பேரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம் அந்தக் 'குப்பை'யிலிருந்து வந்ததுதான். கணினிகளை வாங்குவதா? வீட்டில் இடம் இருந்தால் வாங்குங்கள். சின்க்ளேர் கம்பெனியின் ஸ்பெக்ட்ரம் கணினியில் ரப்பர் விசைகளுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் படலம் இத்தனை வருடத்தில் காய்ந்து ஒடிந்துபோயிருக்கும். அதோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும், எனக்கு இல்லை.

லேமினேஷன் விஷயம். ரேஷன் கார்டுக்கும் சாமி படத்துக்கும் செய்கிற காரியத்தை நாற்பது வருடத்துத் தாளுக்குச் செய்திருக்கிறீர்கள். சூடு வைத்து ஒட்டிய பிளாஸ்டிக் இனி தாளைச் சேதப்படுத்தாமல் பிரியாது. ஆனது ஆகட்டும், பிரித்துப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். மிச்சமிருப்பதைப் பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், அது மையைப் பிடுங்கும். ஸ்டேப்ளர் பின்களைக் கழற்றிவிடுங்கள், துருப்பிடிக்கும். அவ்வளவுதான்.

எனக்கு வயிறு எரிவது வேறொரு வார்த்தைக்கு. 'கழித்துவிட்டேன்' என்று எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்! நெல்லை வீசிவிட்டு உமியை அல்லவா லேமினேஷன் போட்டிருக்கிறீர்கள்?

பளபளப்பான அந்த அட்டையில் என்ன இருக்கிறது? நாம் எதை நம்ப வேண்டும் என்று கம்பெனி ஆசைப்பட்டதோ அது இருக்கிறது. 1980-இல் வந்த சின்க்ளேரின் இசட்எக்ஸ்80 கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நினைவகம் மொத்தமே ஒரு கிலோபைட். சதுரங்கம் ஆடுவதிலிருந்து மின்நிலையத்தை ஓட்டுவது வரை எதையும் செய்யலாம் என்று விளம்பரம் சொன்னது. நிஜத்தில் ஒரு விசையை அழுத்தினாலே திரை கண்ணைச் சிமிட்டும், நிரல் ஓடும்போது திரை வெறுமையாகிவிடும். ஏனென்றால் கணக்குப் போடுவதும் படம் காட்டுவதும் ஒரே சில்லின் (சிப்பின்) தலையில். பிரசுரத்துப் படத்தில் மட்டும் அது சிமிட்டியதே இல்லை.

துண்டுச் சீட்டு பொய் சொல்லாது. சொல்ல அதற்கு அவகாசம் கிடையாது. இந்த வாரம் இந்தக் கடையில் இந்த விலை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். விலை மாறியதும் கடைக்காரர் பழைய கட்டை அப்படியே தூக்கிப் போட்டுவிடுவார். அட்டையை ஆயிரம் பேர் பத்திரப்படுத்தினால் சீட்டைப் பத்திரப்படுத்த ஒருவர் தேறுவது கஷ்டம்.

ஏகார்னின் பிபிசி மைக்ரோ கணினி 235, 335 பவுண்டு என்று இரண்டு மாடலாக வந்து, கொஞ்ச நாளிலேயே 299, 399 ஆனது. அட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா? அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 99/4ஏ கணினி 1981-இல் 525 டாலர். இரண்டே வருடத்தில் 99 டாலருக்கு இறங்கியது, அந்த அக்டோபரில் கம்பெனி வீட்டுக் கணினித் தொழிலையே விட்டுவிட்டது. 1983 ஜனவரியில் கமடோர் ஒன்று செய்தது. வேறு எந்தக் கணினியை, ஏன் வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாலும் கமடோர் 64-இல் 100 டாலர் தள்ளுபடி. ஜனங்கள் என்ன செய்தார்கள்? அதைவிட மலிவாகக் கிடைத்த டைமெக்ஸ் சின்க்ளேர் கணினியை வாங்கி, அதைக் கொடுத்து இதை வாங்கினார்கள். நம் ஊர்ப் பாத்திரக்கடையில் பழைய ஈயச்சொம்பு போடுகிற கதைதான். இந்தச் சண்டை முழுவதும் நடந்தது நீங்கள் கழித்துப்போட்ட சீட்டுகளில். அட்டையில் எல்லோரும் ஒரு டிவியைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

ஸ்கேன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் மவுண்டன் வியூ என்ற ஊரில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகம் நல்ல பிரசுரங்களை இணையத்தில் வைத்திருக்கிறது, பாருங்கள். ஆனால் சொந்த சேகரிப்பை ஸ்கேன் செய்கிறவர் முதலில் எதைச் செய்வார்? அட்டையைத்தானே.

சரி, அந்த உறைக்கு வருகிறேன்.

1983-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய மூர் மார்க்கெட்டில் (இரண்டு வருடம் கழித்து எரிந்துபோனது) ஒரு பழைய இங்கிலாந்துப் பத்திரிகை வாங்கினேன். நடுவில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் விளம்பரம். ஓரத்தில் வெட்டி அனுப்புவதற்கான கூப்பன். கேம்பர்லி என்ற ஊர் முகவரி, அதன் மேல் 'ஃப்ரீபோஸ்ட்' என்று போட்டிருந்தது. தபால்தலையே வேண்டாம் என்று புரிந்துகொண்டு வெறும் உறையோடு போய் நின்றேன். தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்து நாற்காலிக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். பிறகு ஒரு ஏரோகிராம் வாங்கி, பிரசுரம் அனுப்புங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். கப்பல் தபாலில் அது வந்து சேர்ந்தபோது ஆடி மாதம். உறையில் என் பெயரை டைப் அடித்திருந்தார்கள். அதுவரை என் பெயரை யாரும் டைப் அடித்து நான் பார்த்ததில்லை.

மடிப்பு கிழியும்வரை படித்தேன். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினேன். அது இன்று டீக்கறை நிறத்தில் தாளைத் தின்றுகொண்டிருக்கிறது. லேமினேஷனுக்கு உங்களைத் திட்டியவனின் லட்சணம் இது.

உள்ளே ஒரு விலைச்சீட்டு இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அப்பா கவனித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரோ பவுண்டுக்கு 15 ரூபாய் என்று சொல்லியிருக்க வேண்டும். சீட்டின் ஓரத்தில் பென்சிலில், ஆபீஸ் கணக்கு எழுதுகிற அதே சின்ன எழுத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். 48கே மாடல் (48 கிலோபைட் நினைவகம்), 175 பவுண்டு, 2,625 ரூபாய். அடித்திருக்கிறார். 16கே, 125 பவுண்டு, 1,875. இதைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் 'கஸ்டம்ஸ்?' என்று ஒரு கேள்விக்குறி. பிறகு அதையும் அடித்துவிட்டுக் கீழே கீழே இறங்கிப் போயிருக்கிறார். கடைசி வரியில் ஒரு விளையாட்டு கேசட். 4.95 பவுண்டு, 74 ரூபாய் 25 காசு. அதை அடிக்கவில்லை. கணினி இல்லாமல் அந்த கேசட்டை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பையனுக்கு அந்தப் பட்டியலிலிருந்து ஏதாவது ஒன்று.

இருபது வருடம் கழித்து, அப்பா போன பிறகு, ஒருவரிடம் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று வாங்கினேன். அதில் செருகியிருந்தது இன்னொரு சீட்டு. 1983 விலைக்குறைப்பு. 48கே ஸ்பெக்ட்ரம் 129.95 பவுண்டு, 16கே 99.95. அப்பா பென்சிலை எடுத்த நாளில் அங்கே 175 பவுண்டு என்ற விலையே கிடையாது. கப்பல் வந்து சேர்வதற்குள் குறைத்துவிட்டிருந்தார்கள். அவர் வட்டம் போட்ட தொகையோடு இன்னும் எழுபத்தைந்து ரூபாய் போட்டிருந்தால் பெரிய மாடலே வந்திருக்கும். கஸ்டம்ஸ் என்ன கேட்டிருக்கும், பவுண்டு எப்படி அனுப்பியிருப்பார் என்பதெல்லாம் வேறு. வாங்கியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு சீட்டையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். அப்பாவின் சீட்டைப் பார்த்த ஒரு சேகரிப்பாளர், 'மேலே பென்சில் கிறுக்கல் இருக்கிறதே, விலை போகாது' என்றார்.

உங்கள் கேள்விகளில் எதையோ விட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. பரவாயில்லை. கழித்துவிட்டேன் என்றால் கிழித்துப் போட்டுவிட்டீர்களா, இல்லை ஏதாவது பையில் கட்டி மூலையில் வைத்திருக்கிறீர்களா? அதை மட்டும் உடனே எழுதுங்கள். உங்கள் தெருவில் எந்தக் கிழமை குப்பை எடுக்க வருவார்கள் என்பதையும்.