பங்குச் சாமியாருக்கும் மனநல ஆலோசனை தேவைப்படுமா?

தேவகோட்டைப் பக்கம் பங்குச் சாமியாராக, அதாவது கத்தோலிக்கக் கோயிலின் பொறுப்புக் குருவாக, இருக்கும் உங்கள் அண்ணனுக்குத் தூக்கமில்லை, எரிச்சல் வருகிறது, பூசை வைக்கவே மனமில்லை, ஜெபம் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜெபம் வேண்டும்தான். ஆனால் இது விசுவாசக் குறைவு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்வதில் பலனில்லை என்று தோன்றுவது: பணிச்சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடையாளங்கள் இவை மூன்றும்.

காலையில் ஒரு கிளைக்கிராமத்தில் அடக்கம், சாயங்காலம் இன்னொன்றில் கல்யாணம், நடுவில் பள்ளிக்கூடக் கணக்கு, ஊர் வழக்கு. இரவு திரும்பினால் சாமியார் தங்கும் பங்களாவில் பேச ஆளில்லை. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது மக்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிடும்போது, கேட்டதை யாரிடமும் சொல்லவும் முடியாது. திருச்சபைச் சட்டம் 983 அதைக் கண்டிப்பாகத் தடுக்கிறது. ஆனால் தன் சொந்தக் களைப்பைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. பல சாமியார்கள் இரண்டையும் சேர்த்தே பூட்டிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வேதனை.

ஆன்ம குரு ஜெப வாழ்வுக்கு வழிகாட்டுவார். தூக்கம் கெட்டதற்கும் பதற்றத்துக்கும் மனநல மருத்துவரோ உளவியலாளரோதான் வேண்டும். காரைக்குடியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தயங்கினால் மதுரைக்கோ திருச்சிக்கோ போகலாம். 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

அப்புறம், பங்குத்தந்தைக்கு வருடத்துக்கு ஒரு மாதம் வரை விடுப்பு உண்டு, திருச்சபைச் சட்டம் 533. ஆயரிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் இருப்பதாகச் சொன்னால் மட்டும் காத்திருக்காதீர்கள், தனியே விடாமல் அன்றே நீங்களே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.