ஏற்காட்டில் நாலு அறை ஹோம்ஸ்டே. கூகுளில் முதல் பக்கம் என்று உத்தரவாதம் தரும் எஸ்இஓ ஏஜென்சிக்கு மாதம் ₹15,000 கொடுக்கலாமா?

கேள்வியில் உள்ளது இதுதான்: எஸ்டேட்டுக்குள் நாலு அறை. வேர்டுபிரஸ்ஸில் ஒரு தளம். முன்பதிவில் பெரும்பகுதி பயண ஆப்கள் வழியாக வருவதால் கமிஷன் கையைக் கடிக்கிறது. தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை (எஸ்இஓ) செய்யும் சேலத்து ஏஜென்சி ஒன்று, 'ஏற்காடு ரிசார்ட்' என்று தேடினால் மூன்றே மாதத்தில் முதல் பக்கத்தில் வரவைக்கிறோம், மாதம் 15,000 என்கிறது.

உத்தரவாதத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். வேலைக்குக் கொடுக்கலாம். என்ன வேலை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அதில் பாதியைக் காசில்லாமல் நீங்களே முடித்துவிடலாம்.

முதலிடத்தை யாராலும் உத்தரவாதமாகத் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. 'கூகுள்ல எங்களுக்கு ஆள் இருக்கு' என்பவரிடம் அதற்கு மேல் பேச்சை வளர்க்க வேண்டாம். 'கூகுள் பார்ட்னர்' முத்திரையைக் காட்டினால், அது விளம்பரம் ஓட்டுவதற்கான தகுதி. இலவசத் தேடல் முடிவுகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தத் தேடலையே போனில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். மேலே விளம்பரங்கள், அதன் கீழே விலையோடு ஹோட்டல்கள் காட்டும் வரைபடம், அதற்கும் கீழே மேக்மைட்ரிப், புக்கிங், டிரிப்அட்வைசர் மாதிரிப் பெரிய தளங்களின் பட்டியல்கள். அப்படித் தேடுகிறவருக்கு வேண்டியது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பட்டியல். நாலு அறைக்காரரின் தளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே நிற்க இடம் குறைவு. அப்படியானால் உத்தரவாதம் தருகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஒன்று, உங்கள் பணத்தில் விளம்பரம் போட்டுவிட்டு அதையே முதலிடம் என்று காட்டுவார்கள். அல்லது உங்கள் ஹோம்ஸ்டேயின் பெயரையே சேர்த்து, யாரும் தட்டாத நீளமான ஒரு தேடலுக்கு முதலிடம் எடுத்து ஸ்கிரீன்ஷாட் பிடித்து அனுப்புவார்கள். சொந்தப் பெயருக்கு முதலிடம் வருவது இயல்பாகவே நடக்கும்.

கணக்கையும் போடுங்கள். 15,000 மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் மாதம் 17,700, வருடத்துக்கு 2,12,400. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் அந்த வரி திரும்பி வராது. அறை வாடகை 3,500, ஆப் கமிஷன் 20% என்று வைத்துக்கொண்டால் (உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்) ஓர் இரவுக்கு மிச்சமாவது 700. ஏஜென்சி செலவை ஈடுகட்டவே மாதம் 26 இரவுகள் ஆப்பிலிருந்து நேரடி முன்பதிவுக்கு மாற வேண்டும். சீசன் இல்லாத மாதத்தில் வெள்ளி, சனி மட்டும்தான் நிறைகிறது என்றால் மொத்தமே 32 இரவுகள். ஆக, நாலு அறைக்கு மாதச் சம்பளத்தில் எஸ்இஓ கட்டுப்படியாகாது. ஒரு முறை பணம் கொடுத்து முடிக்கிற வேலை கட்டுப்படியாகும்.

அதற்கு முன் நீங்களே செய்ய வேண்டியவை.

தளம் கூகுளின் பட்டியலில் இருக்கிறதா? தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் டொமைன் பெயரை, அதாவது உங்கள் தளத்தின் முகவரியைப் போடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் வேர்டுபிரஸ்ஸின் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது டெவலப்பர் அதை டிக் செய்துவிட்டு, ஒப்படைக்கும்போது எடுக்க மறந்துவிடுவது சர்வ சாதாரணம். அந்த ஒரு டிக் இருக்கும்வரை மற்ற எந்த வேலைக்கும் பலன் இருக்காது.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோல். உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவி. இலவசம். டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (டொமைனின் அமைப்புகள்) பகுதியில், சர்ச் கன்சோல் தரும் வரியை ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டாகச் சேர்த்தால் உங்கள் பெயரில் உரிமை உறுதியாகிவிடும். பிறகு சைட்மேப்பை, அதாவது தளத்தின் பக்கங்களின் பட்டியலைச் சமர்ப்பியுங்கள். 2020-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்டுபிரஸ்ஸே அதை உருவாக்கித் தருகிறது. எந்தத் தேடலுக்கு எந்தப் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று 16 மாதக் கணக்கு இங்கே கிடைக்கும். ஏஜென்சி தரும் வண்ண வண்ண ரிப்போர்ட்டைவிட இதுதான் நம்பத்தக்க சாட்சி. பார்க்கும்போது உங்கள் ஹோம்ஸ்டே பெயர் உள்ள தேடல்களை ஃபில்டர் போட்டு நீக்கிவிடுங்கள். மிஞ்சுவதுதான் புதிதாக வருகிறவர்கள்.

முகப்புப் பக்கத்தின் டைட்டில் (தேடல் முடிவில் தலைப்பாகத் தெரியும் வரி) 'ஹோம்' என்றே இருக்கிறதா என்று பாருங்கள். பல தளங்களில் அப்படியே கிடக்கும். 'காபி எஸ்டேட்டுக்குள் 4 அறை ஹோம்ஸ்டே, ஏற்காடு' என்பது போல ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். மெட்டா கீவேர்டு (பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும் தேடல் சொற்கள்) நிரப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். கூகுள் அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது.

இன்னொன்று, நம் ஊர்த் தளங்களுக்கே உரிய கோளாறு. வாடகை, உணவு, விதிமுறை எல்லாவற்றையும் நோட்டீஸ் மாதிரி டிசைன் செய்து படமாகப் போட்டிருப்பார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் வர முடியாது. தமிழ் வரிகள் பழைய டிடிபி எழுத்துருவில் இருந்தால் கூகுளுக்கு அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் யூனிகோடில், உரையாகவே போடுங்கள். தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் தனித்தனி முகவரியில் இருக்கட்டும். தமிழ்ப் பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள்; தமிழ் எழுத்தில் வைத்தால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறியும் எண்களுமாக மூன்று வரிக்கு நீளும்.

உங்களைப் போன்ற தொழிலுக்கு இணையதளத்தைவிட முன்னால் நிற்பது கூகுள் வரைபடத்தில் உள்ள பிசினஸ் புரொஃபைல். இதுவும் இலவசம்தான். முதலில் வரைபடத்தில் உங்கள் இடத்தைக் காட்டும் 'பின்' குறி சரியான இடத்தில் இருக்கிறதா பாருங்கள். மலையில் இது அடிக்கடி பக்கத்து எஸ்டேட் கேட்டில் போய் விழும்; விருந்தாளி இருட்டில் வழி தெரியாமல் நின்றால், அந்தக் கோபம் ஒற்றை நட்சத்திரமாகத் திரும்பி வரும். பின்னைப் பிரதான கேட்டின் மேல் வையுங்கள். வகையில் 'ஹோம்ஸ்டே' என்றே தேர்ந்தெடுங்கள். பெயர் பலகையில் உள்ளபடியே இருக்கட்டும். 'பெஸ்ட் ஹோம்ஸ்டே இன் ஏற்காடு' என்று பெயரோடு ஒட்டவைத்தால் புரொஃபைலை முடக்கிவிடும் வாய்ப்பு உண்டு. ஏஜென்சிகள் செய்கிற முதல் வேலையே பெரும்பாலும் இதுதான். சாவியை மட்டும் கொடுத்துவிட்டு ஆளே இல்லாத வாடகை வீடு என்றால் கூகுள் விதிப்படி இந்தப் பதிவுக்குத் தகுதி இல்லை. நீங்களோ உங்கள் ஆளோ அங்கேயே இருந்து வரவேற்பது தெரியும்படி படங்களும் பலகையும் இருக்கட்டும். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்கும்போது அவைதான் கைகொடுக்கும்.

ரிவியூ கேட்கலாம். அறையைக் காலி செய்யும் இடத்தில் க்யூஆர் கோடு ஒட்டி வைக்கலாம். ஆனால் 'அஞ்சு ஸ்டார் போட்டா அடுத்த தடவை தள்ளுபடி' என்பது விதிமீறல். காசுக்கு வாங்குகிற ரிவியூவும் அப்படித்தான், அது ஒரே நாளில் மொத்தமாகக் காணாமல் போகும். வந்த ரிவியூ ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள், திட்டியவர்களுக்கும் சேர்த்து. இன்னொரு கதவும் உண்டு: ஹோட்டல் தேடலில் நேரடி முன்பதிவு இணைப்பு காட்டுவதை 2021 மார்ச் முதல் கூகுள் இலவசமாக்கியிருக்கிறது. உங்கள் முன்பதிவு மென்பொருள் அதை ஆதரிக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது பக்கங்கள். உங்களால் ஜெயிக்க முடிகிற இடம் இதுதான், ஏஜென்சிகள் மிக மோசமாகச் செய்வதும் இதைத்தான். 'ஏற்காட்டில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்' என்று ஏஐ-யில் மாதம் எட்டுக் கட்டுரை எழுதித் தள்ளுவார்கள். தேடலில் இடம் பிடிப்பதற்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களை 2024 மார்ச் முதல் கூகுள் ஸ்பேம் பட்டியலில் சேர்த்துவிட்டது. லேடீஸ் சீட்டும் பகோடா பாயிண்டும் பற்றி ஏற்கெனவே ஆயிரம் பக்கம் இருக்கின்றன. ஆயிரத்து ஒன்றாவது யாருக்கு வேண்டும்?

விருந்தாளிகள் போனில் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை எழுதுங்கள். 20 கொண்டை ஊசி வளைவில் புதிதாக ஓட்டுகிறவர் வரலாமா, இருட்டிய பிறகு வரலாமா? டெம்போ டிராவலர் வாசல் வரை வருமா, ஒண்டிக்கடையில் இறங்கி ஜீப் பிடிக்க வேண்டுமா? மழையில் அடிவாரம் வழி மூடினால் குப்பனூர் வழியாக எப்படி வருவது? கிளியூர் அருவியில் இந்த மாதம் தண்ணீர் இருக்கிறதா? நாய்க்குட்டியோடு வரலாமா? பெரியவர்களுக்குப் படிக்கட்டு எத்தனை? எந்த நெட்வொர்க் எடுக்கிறது? கோடை விழா நாட்களில் வண்டியை எங்கே நிறுத்துவது? 15 பேர் சேர்ந்து வந்தால் மொத்தமாக எவ்வளவு ஆகும்? இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தட்டுகிற தேடல். எண்ணிக்கை குறைவு, ஆனால் இப்படித் தேடுகிறவர் கிளம்பத் தயாராக இருப்பவர். 'ஏற்காடு ரிசார்ட்' என்று தேடுகிறவர் இன்னும் கொடைக்கானலா ஏற்காடா என்று முடிவே செய்திருக்க மாட்டார். நாலைந்து பக்கம் போதும். படிக்கட்டின் எண்ணிக்கையும் சாலையின் அகலமும் சொந்தப் படங்களும் இருந்தால் அதை யாராலும் நகலெடுக்க முடியாது.

ஊருக்கு ஒரு பக்கம் போடுகிற யோசனையைத் தவிருங்கள். 'சேலம் அருகே ஹோம்ஸ்டே', 'நாமக்கல் அருகே ஹோம்ஸ்டே', 'ஈரோடு அருகே ஹோம்ஸ்டே' என்று பெயரை மட்டும் மாற்றிப் போடும் பக்கங்களும் ஸ்பேம் விதியில் தனியாகக் குறிப்பிடப்பட்டவை.

வேகம் பற்றிச் சுருக்கமாக. போனில் எடுத்த 5 எம்பி படங்களை அப்படியே ஏற்றாதீர்கள். அகலம் 1600 பிக்சல், வெப்பி (WebP) வடிவம், 200 கேபிக்குள் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் போட்டு, பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் மதிப்பெண் 100 ஆக வேண்டும் என்று செலவழிக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்த பிறகு வெளியாள் எதற்கு? ஒரு முறை முழுத் தொழில்நுட்ப ஆய்வு, அதில் கண்ட பிழைகளைத் திருத்துவது, முன்பதிவுப் பக்கத்தைச் சீராக்குவது. இவற்றுக்குத் தனித்தனி விலை கேளுங்கள். ஆய்வு என்ற பெயரில் மென்பொருள் துப்பிய 60 பக்க பிடிஎஃப் வந்தால் ஏற்காதீர்கள். உங்கள் தளத்தின் எந்தப் பக்கத்தில் என்ன பிழை, அதனால் என்ன நஷ்டம், திருத்த எத்தனை மணி நேரம் என்று அதில் இருக்க வேண்டும். கேட்காமலே 'உங்க சைட்டுல 87 எரர் இருக்கு' என்று மெயில் அனுப்புகிறவர்கள் உங்கள் தளத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆளைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: 'லிங்க் எப்படி வாங்குவீங்க?' மற்ற தளங்கள் உங்கள் தளத்துக்குத் தரும் இணைப்புதான் லிங்க், பேக்லிங்க் என்றும் சொல்வார்கள். மாதம் 200 பேக்லிங்க், டிஏ 50-க்கு மேல் என்று பதில் வந்தால் வேண்டாம். டிஏ என்பது மாஸ் என்ற தனியார் நிறுவனம் தளங்களுக்குப் போடும் மதிப்பெண், கூகுளுடையதல்ல. காசுக்கு வாங்கும் லிங்க்குகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். மோசமானால் நேரடி நடவடிக்கை எடுத்து முடிவுகளிலிருந்து கீழே தள்ளும். ஏஜென்சி அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடும், டொமைன் உங்களுடையது. உங்கள் எஸ்டேட்டில் பறவை பார்க்க வந்த குழு, பைக் பயணக் குழு, காபிக்கொட்டை வாங்கும் கடை ஆகியோர் தங்கள் தளத்தில் உங்களைக் குறிப்பிடுவது நாலைந்தானாலும் உண்மையானது. 'ஏஐ பதில்களில் வரவைக்கத் தனி பேக்கேஜ்' என்று இப்போது புதிதாக விற்கிறார்கள். தேடல் முடிவுகளில் கூகுள் காட்டும் ஏஐ பதிலான ஏஐ ஓவர்வியூவில் வரத் தனியாக எந்தக் குறியீடும் தேவையில்லை என்று கூகுள் சொல்லியிருக்கிறது.

யாரை அமர்த்தினாலும் சாவி உங்களிடம் இருக்கட்டும். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் எண்ணில் பதிவாகியிருக்க வேண்டும். சர்ச் கன்சோலில் நீங்கள் உரிமையாளர், அவர்கள் பயனர். பிசினஸ் புரொஃபைலில் நீங்கள் முதன்மை உரிமையாளர், அவர்கள் மேனேஜர். பாஸ்வேர்டைச் சொல்லாமல் அவர்கள் மெயிலைச் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். மாதா மாதம் என்ன மாற்றினார்கள் என்ற பட்டியல், 30 நாள் நோட்டீஸில் விலகும் உரிமை, எழுதிய உரையும் படமும் உங்களுக்கே சொந்தம் என்ற வரி, மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வேண்டும்.

தளத்தையே புதிதாகக் கட்டித் தருகிறோம் என்றால் கூடுதல் கவனம். பழைய பக்க முகவரிகள் ஒவ்வொன்றையும் புதியதற்கு 301 முறையில் (நிரந்தரமாக) திருப்பிவிடும் பட்டியலை முன்கூட்டியே கேளுங்கள். அது இல்லாமல் ஒரே இரவில் மாற்றினால், இருந்த வருகையும் அடுத்த வாரமே விழுந்துவிடும்.

பலன் தெரிய நாலு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பது கூகுளே சொல்லும் காலம். மே மாதக் கூட்டத்தைக் குறிவைத்தால் வேலை தீபாவளியை ஒட்டித் தொடங்க வேண்டும். மார்ச்சில் தொடங்கினால் அந்த சீசனுக்கு விளம்பரம்தான் வழி.

உங்களிடம் பேசிய அதே ஏஜென்சியிடமே இப்போது ஒன்று கேட்டுப் பாருங்கள்: மாதக் கட்டணம் வேண்டாம், ஆய்வும் திருத்தமும் மட்டும் ஒரே விலையில், உத்தரவாதம் இல்லாமல் செய்வீர்களா? ஒப்புக்கொண்டு, சர்ச் கன்சோல் அனுமதி கேட்ட பிறகே விலை சொன்னால் அவர்களையே அமர்த்தலாம்.