ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பாக்ஸ்) மாற்றுவது பற்றிய உங்கள் கேள்விகள்

பல்லடம்: டீசல் காருக்குப் பழைய ஈசிஎம் ஒன்று வாங்கிப் போட்டேங்க அண்ணா. செல்ப் சுத்துது, ஸ்டார்ட் ஆகலை.

தம்பி, அந்தப் பாக்ஸுக்கு உங்கள் சாவி தெரியாது. சாவியில் உள்ள சிப் பொருந்தாவிட்டால் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு டீசலை விடாது. உங்கள் பழைய பாக்ஸைப் படிக்க முடிந்தால், அதன் பிளாஷ், ஈஈப்ராம் என்ற இரண்டு மெமரிகளில் இருப்பதையும் எடுத்து, அதே பார்ட் நம்பர் உள்ள பாக்ஸில் எழுதலாம். முடியாவிட்டால் புதியது வாங்கி, கம்பெனி சாப்ட்வேரில் சேஸிஸ் நம்பர் ஏற்றி, சாவியைச் சேர்க்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் பொறித்திருக்கும் குறியீட்டை சிலிண்டர் வரிசைப்படி ஏற்றுங்கள். இதை விட்டுவிட்டு, ஐடிலில் உதறுகிறது, புகைகிறது என்று வருகிறவர்கள்தான் அதிகம். பிஎஸ்6 (புதிய புகை விதி) வண்டியென்றால் டிபிஎப் என்ற புகை வடிகட்டியின் கரிக் கணக்கையும் புது பாக்ஸுக்கு மாற்றி எழுதுங்கள்.

பிளாஷ் ஏறும்போது வோல்டேஜ் இறங்கினால் பாக்ஸ் பாதியில் செத்துவிடும். 13 வோல்ட்டுக்குக் குறையாமல் நிலையாகத் தரும் சப்ளை மாட்டாமல் லேப்டாப்பைத் திறக்காதீர்கள்.

தாராபுரம்: அப்படியே கிலோமீட்டரைக் குறைக்கலாமா?

அது அடுத்து வாங்குபவரை ஏமாற்றுவது. செய்ய மாட்டேன்.

திருச்செங்கோடு: ரிக் லாரியில் வெல்டிங் வைத்தோம். அன்றிலிருந்து ஸ்கேனர் ஈசிஎம்மைப் பிடிக்கலை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பாக்ஸ்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன் வயர் இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 வர வேண்டும். 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. அது சரியாக இருந்தால் ஈசிஎம் பியூஸ், எர்த். அதற்குப் பிறகுதான் பாக்ஸைச் சந்தேகப்படலாம்.

நாமக்கல்: நாங்க வருசக்கணக்கா பாடி கட்டறோம். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி மைனஸ் கழட்டினாலே போதுங்க.

போதாதுங்க. வெல்டிங் கரண்ட் சேஸிஸ் வழியாகத்தான் திரும்புகிறது. எர்த் கிளாம்பு தூரத்தில் இருந்தால் நடுவில் உள்ள வயரிங்கிலும் பாயும். மைனஸையும் கழற்றுங்கள், ஈசிஎம் கனெக்டரையும் உருவுங்கள், கிளாம்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

காங்கேயம்: பழைய பாக்ஸ் போட்டேன், ஸ்டார்ட் ஆகலை.

பல்லடத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். வோல்டேஜ் சொன்னதையும்.

நாமக்கல்: சரிங்க, கிளாம்பு விஷயம் ஒத்துக்கறேன். எர்த் நல்லா இருக்கான்னு எப்படிப் பார்ப்பது?

கண்ணால் பார்த்தால் தெரியாது. செல்ப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் ஈசிஎம் எர்த் பின்னுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள். பாடி கட்டும்போது அந்தப் பெயின்ட் அங்கே ஏறியிருக்கும்.