உதிரம் நின்றாலும் பெட்டையை அவிழ்த்துவிடாதீர்கள்

கேள்வி: ஒரே ஈற்றில் பிறந்த கடுவன் நாயும் பெட்டை நாயும் எங்கள் வீட்டில் வளர்கின்றன, வயது பத்து மாதம். பெட்டை முதன்முறையாகப் பருவத்துக்கு வந்து பதினொரு நாள்களாகின்றன. உதிரப்போக்கு நின்றுவிட்டது. இனி அவிழ்த்துவிடலாமா? ஒழுங்கையில் கடுவன்கள் இன்னும் காத்து நிற்கின்றன.
— வாசகி, கொக்குவில்

பதில்: தயவுசெய்து அவிழ்த்துவிடாதீர்கள். சிவப்பாக வடியும் முதல் 9 நாள்கள் அளவில் கடுவன்கள் தேடி வந்தாலும் பெட்டை உறுமித் துரத்திவிடும். உதிரம் வெளிறி வைக்கோல் நிற நீராக மாறும்போதுதான் அது கடுவனை ஏற்கத் தொடங்குகிறது. வாலடியை மெல்லத் தடவிப் பாருங்கள். வாலை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நின்றால், கருத்தரிக்கும் நாள்கள் வந்துவிட்டன என்று கொள்ளலாம். முதல் உதிரம் கண்ட நாளிலிருந்து நான்கு வாரங்கள் நிறையும்வரை காவல் தேவை.

உடன்பிறந்தது என்ற எண்ணம் நாய்களுக்குக் கிடையாது. பத்து மாதக் கடுவனால் குட்டி கொடுக்க முடியும். இந்த நாள்களுக்கு அதை உறவினர் வீட்டில் விடுவதே மிக நல்லது. கிடுகு வேலியையும் படலையையும் நம்ப வேண்டாம், வேலியடியைத் தோண்டி உள்ளே வரும் கடுவன்கள் உண்டு. வளவில் கட்டிவைத்தால் பெட்டைக்குத் தப்பி ஓடவும் வழியிராது. ஆகவே அறைக்குள் வைத்திருந்து, பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி வெளியே கொண்டுபோய், சிறுநீர் கழித்த இடத்தை உடனே கழுவிவிடுங்கள். அரைத்துணி கட்டுவது தரையைச் சுத்தமாக வைக்குமே தவிர, இணைவதைத் தடுக்காது.

தப்பித் தவறி இணைந்துவிட்டால், தண்ணீர் ஊற்றியோ தடியால் அடித்தோ பிரிக்க முயலாதீர்கள். இரண்டுக்கும் காயம் ஏற்படலாம். அவை தாமாகவே பிரியும், சில வேளை அரை மணித்தியாலம் செல்லும். அதன்பின் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். கண் திறக்காத குட்டிகளை உரப்பையில் கட்டிச் சந்தையடியில் விட்டுச்செல்லும் கொடுமையை நினைத்துத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசியை நான் பரிந்துரைக்க மாட்டேன், கருப்பையில் சீழ் கட்டும் அபாயத்தை அது கூட்டுகிறது. இந்தப் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதங்களின் பின் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வியுங்கள்; இப்போது கருப்பையைச் சுற்றிய இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும். கடுவனுக்கும் செய்யலாம், ஆனால் செய்த பின்னும் சில வாரங்கள் அதற்கு விந்து இருக்கும் என்பதால் இம்முறைக்கு அது உதவாது. சத்திரசிகிச்சைக்கு முன்னுள்ள அந்த இடைக்காலத்தில் பெட்டை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, சாப்பாட்டை மறுத்துச் சோர்ந்து கிடந்தால், சீழ் வெளியே தெரியாவிட்டாலும் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.