வாய்க்கால் தண்ணீரை அளக்க, தூக்கிச் செல்லும் ஃபுளூம் போதுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் செராய் பக்கம் செம்பனை நாற்றுப்பண்ணைக்கு வரும் மண் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று தெரிய வேண்டும், ஆனால் நிரந்தரமாக எதுவும் கட்ட முடியாது என்கிறீர்கள். சிறிய வாய்க்கால்தானே, குறுகும் இடம் 3 அங்குல அகலமுள்ள பார்ஷல் ஃபுளூம் போதும். 1920களில் அமெரிக்காவின் கொலராடோவில் ரால்ஃப் பார்ஷல் உருவாக்கியது. நடுவில் குறுகும் தொட்டி, அவ்வளவுதான். குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமெடுப்பதால் மேற்பக்க ஆழத்தை வைத்தே அளவு சொல்லிவிடலாம். 15 சென்டிமீட்டர் என்றால் வினாடிக்குச் சுமார் 9.4 லிட்டர். ஆழம் இரட்டித்தால் தண்ணீர் ஏறக்குறைய மூன்று மடங்கு, அதனால் அளவுகோலைக் கவனமாகப் படியுங்கள்.

வேலை முழுக்கப் பொருத்துவதில்தான். ரசமட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். அப்புறம் இரு பக்கமும் களிமண்ணைப் போட்டு மிதித்து இறுக்குங்கள். ஓரத்தில் கசியும் தண்ணீர் கணக்கில் வராது.

அந்தப் பக்கம் நிலம் சமதளம், அதுதான் தலைவலி. மழைக்குப் பின் கீழ்ப்பக்கத் தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்கும். கீழ் ஆழம் மேல் ஆழத்தில் பாதியைத் தாண்டினால், எந்த ஆழத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் அட்டவணையை நம்ப முடியாது. மேலே கரை வழியாத அளவுக்கு ஃபுளூமைச் சற்று உயர்த்தி வையுங்கள். ஓலைத் துண்டு சிக்கினாலும் ஆழம் ஏறிக் காட்டும்; படிக்கும் முன் எடுத்துவிடுங்கள்.