டிஸ்க் எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைப் பற்றி எழுதியபோது, செப்பனிட்டு வெளியிட்ட டிஸ்க் கிடைத்தால் அதில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் 55 அங்குல 4கே டிவி வாங்கினோம். அப்போதிலிருந்து எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. டிஸ்க் பிளேயர் கேட்டுக் கரூரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், “இன்னும் டிவிடியா சார்?” என்றார். பொறியியல் படிக்கும் மகன், “யாருப்பா இப்ப டிஸ்க் வாங்குறாங்க, நெட்லயே 4கே வருதே” என்கிறான்.

இவ்வளவு துல்லியமான டிஸ்க்குகளை வீட்டில் படம் பார்க்கிற சாதாரண ஜனங்கள் என்றாவது ஏற்றுக்கொள்வார்களா? இல்லை, லேசர் டிஸ்க் மாதிரி இதுவும் சுவடு தெரியாமல் போய்விடுமா? எங்கள் ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே 11 அடி இருக்கிறது. நான் வாங்குவதில் அர்த்தம் உண்டா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கரூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். பெருவாரியான ஜனங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அதற்கான காலமும் கடந்துவிட்டது. டிஸ்க்கை நேசிக்கிறவன் என்பதால் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் ஓய்வூதியத்தில் எண்ணிச் செலவழிக்கிற ஒருவரிடம் ஆசை வார்த்தை சொல்லக்கூடாது.

ஏன் மாட்டார்கள் என்று புரிய வேண்டுமானால் டிவிடி ஜெயித்த கதையைப் பார்க்க வேண்டும். 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் டிவிடி வந்தது. அதுவரை அங்கே வீட்டுக்கு வீடு விஎச்எஸ் கேசட். கேசட்டைவிட டிவிடியில் படம் தெளிவு, உண்மைதான். ஆனால் ஜனங்களை இழுத்தது வேறு. படம் முடிந்ததும் ரீவைண்ட் செய்ய வேண்டாம். பிடித்த காட்சிக்கு ஒரே பொத்தானில் போய்விடலாம். நாடா சிக்காது, தேயாது. கேசட் ஒன்று வைக்கிற இடத்தில் இரண்டு படம் வைக்கலாம். கையில் எடுத்த உடனே தெரிகிற சௌகரியங்கள் இவை. தெளிவு ஒன்றே போதுமென்றால் 1978லேயே வந்த லேசர் டிஸ்க் கேசட்டை விரட்டியிருக்கும். அது தாம்பாளம் மாதிரி 30 சென்டிமீட்டர் அகலம். பாதிப் படத்தில் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். ஜப்பானில் ஓரளவுக்கு ஓடியது. அமெரிக்காவில் சினிமாப் பித்தர்களின் வீட்டோடு நின்றுவிட்டது.

2006ல் டிவிடிக்கு அடுத்த தலைமுறை டிஸ்க்குகளாக ப்ளூ-ரேயும் எச்டி டிவிடியும் வந்தபோது நடந்ததும் இதுதான். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். இவை இரண்டையும் படிப்பது 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். கதிர் நுணுகியதால் அதே 12 சென்டிமீட்டர் தகட்டில் டிவிடியின் 8.5 ஜிபி போய், ப்ளூ-ரேயில் 50 ஜிபி வரைக்கும் இடம் கிடைத்தது. பொறியாளர்களுக்கு அது பெரிய சாதனை. ஆனால் வீட்டில் இருப்பவருக்கு? அதே வட்டம், அதே தட்டு, அதே ரிமோட். முன்பு செய்ய முடியாத எதையும் புதிதாகச் செய்ய முடியவில்லை. அதற்கு விலையோ, அமெரிக்காவில் தோஷிபாவின் முதல் எச்டி டிவிடி பிளேயர் 499 டாலர், சாம்சங்கின் முதல் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். போதாததற்கு இந்தக் கம்பெனிப் படம் இதில்தான் வரும், அந்தக் கம்பெனிப் படம் அதில்தான் வரும் என்ற இழுபறி வேறு. எதை வாங்கினாலும் ஏமாந்துவிடுவோமோ என்று ஜனங்கள் பர்ஸை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19ஆம் தேதி தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டுக் கையைத் தூக்கிவிட்டது. ஆனால் அந்தச் சண்டை உச்சத்தில் இருந்த 2007லேயே, தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃப்ளிக்ஸ் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கிவிட்டது. ரீவைண்டை ஒழித்த டிவிடியைப்போல, இது எழுந்துபோய்த் தகடு மாற்றுவதையே ஒழித்தது. கைக்குத் தெரிகிற சௌகரியம் இந்த முறை டிஸ்க்கின் பக்கம் இல்லை. ப்ளூ-ரே வந்து பதினைந்து வருஷம் கழித்தும் அமெரிக்காவில் எண்ணிக்கையில் டிவிடிதான் அதிகம் விற்றது என்றால், துல்லியத்துக்காகக் காசு கொடுப்பவர்கள் எவ்வளவு பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பாட்டிலும் இதே கதைதான். சிடியைவிட உயர்ந்த ஒலி என்று 1999ல் எஸ்ஏசிடியும் 2000ல் டிவிடி ஆடியோவும் வந்தன. ஜனங்கள் போனது சிடியைவிடக் குறைந்த தரமுள்ள எம்பி3க்கு.

நம் ஊரில் துல்லியம் ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. நாம் வளர்ந்தது விசிடியில். 352க்கு 288 புள்ளி. ஒரு படத்துக்கு இரண்டு சிடி, நீளமான படமென்றால் மூன்று. இரண்டாவது சிடி க்ளைமாக்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னால் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். வெளியே எடுத்து, வாயால் ஊதி, பனியன் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து மறுபடி போடுவோம். ஒரிஜினல் டிஸ்க் நம் கைக்கு எட்டியதே மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் போட்டபோதுதான். தமிழ்ப் படங்கள் ப்ளூ-ரேயில் சொற்பமாகவே வந்தன. பிறகு 2016ன் தொடக்கத்தில் 4கே டிஸ்க் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் இங்கே ஜியோ வந்தது. எது நம் வீட்டுக்குள் நுழைந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் 11 அடிக்கு வருகிறேன். நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவு வரைக்கும் பிரித்தறியும் என்பது கண் மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு. அதை வைத்து 55 அங்குல டிவிக்குக் கணக்குப் போட்டேன். டிவிடியின் 576 கோடுகளைக் கண் தனித்தனியாக உணர்வது சுமார் 13 அடிக்குள் வந்தால். ப்ளூ-ரேயின் ஃபுல் எச்டி புள்ளிகளை உணர 7 அடிக்குள் வர வேண்டும். 4கேயின் புள்ளிகளை உணர மூன்றரை அடிக்குள். ஆகவே நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து டிவிடி கொஞ்சம் மொழுக்கென்று தெரியும், ப்ளூ-ரே புள்ளி தெரியாமல் முழுப் படமாகத் தெரியும். 4கேயின் கூடுதல் புள்ளிகள் உங்கள் கண்ணுக்கு வந்து சேரவே சேராது. சோபாவை இழுத்துப் போட்டால் ஒழிய, புள்ளிக்காக 4கே வாங்குவது வீண். 2000க்குப் பிறகு வந்த படங்களில் பல 2கேயில், அதாவது ஏறக்குறைய ஃபுல் எச்டி அளவில், முடிக்கப்பட்டு, 4கே டிஸ்க்குக்காகப் பின்னால் பெரிதாக்கப்பட்டவை. அவற்றில் அந்தப் புள்ளிகளுக்கு மூலமே கிடையாது.

அப்புறம் ஏன் டிஸ்க்கில் பார் என்கிறேன்? படம் என்பது புள்ளிக் கணக்கு மட்டும் இல்லை.

உங்கள் மகன் சொல்வது சரி, நெட்டில் 4கே வருகிறது. நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் வருகிற இரண்டு மணி நேரப் படம் மொத்தம் 13.5 ஜிபி. 4கே டிஸ்க்கில் அதே படத்துக்கு 66 ஜிபி, சிலவற்றில் 100 ஜிபி இடம் இருக்கிறது. திரையில் இருப்பது அதே அளவு புள்ளிதான். ஆனால் ஒவ்வொரு புள்ளியைப் பற்றியும் சொல்லப்படும் தகவல் பல மடங்கு. பகல் வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் இது அவ்வளவாகத் தெரியாது. இருட்டில் தெரியும். ஓர் அறையில் ஒற்றை விளக்கு எரிகிறது, வெளிச்சம் சுவரில் படிப்படியாகக் குறைந்து மூலையில் இருளில் கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிடியில் அந்தச் சுவரில் மழைநீர் வடிந்த கறைபோலப் பட்டை பட்டையாக வளையங்கள் விழும். இருண்ட மூலை கட்டம் கட்டமாக அசையும். நல்ல டிஸ்க்கில் சுவர் சுவராகவே இருக்கும். இந்த வித்தியாசம் 11 அடியிலும் தெரியும். கண்ணாடி போட்ட கண்ணுக்கும் தெரியும். ஒலியும் அப்படித்தான். டிஸ்க்கில் இழப்பில்லாத ஒலி வரும், ஓடிடியில் வருவது சுருக்கிய ஒலி.

‘பதேர் பாஞ்சாலி’ விஷயத்தில் இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 1993ல் லண்டனில் ஒரு ஃபிலிம் லேபரட்டரி தீப்பிடித்து எரிந்தது. ‘பதேர் பாஞ்சாலி’யில் தொடங்கும் ராயின் அபு படங்கள் மூன்றின் ஒரிஜினல் நெகட்டிவ்களும் அங்கே இருந்தன. கருகியும் சுருண்டும் கிடந்தவற்றைத் தூக்கிப் போடாமல் ஆஸ்கர் அகாடமியின் காப்பகத்தில் பத்திரப்படுத்தினார்கள். இருபது வருஷம் கழித்து இத்தாலியின் பொலோனியாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற செப்பனிடும் கூடத்துக்கு அவை போயின. காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்த ஃபிலிமைத் திரவத்தில் ஊறவைத்து ஈரம் ஏற்றினார்கள். ஒட்டியிருந்த பசையையும் மெழுகையும் சுரண்டி எடுத்தார்கள். ஓரத்துளைகள் உருகிப்போன இடங்களில் வேறு ஃபிலிமிலிருந்து வெட்டி, கையாலேயே ஒட்டிச் சேர்த்தார்கள். கைவேலை மட்டும் ஆயிரம் மணி நேரத்தை நெருங்கியது. ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தத் தீயில் தப்பிய நெகட்டிவிலிருந்தே மீண்டது. ‘அபுர் சன்சார்’ நெகட்டிவ் தேறவில்லை. அதை வேறு காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளிலிருந்து எடுத்தார்கள்.

நான் அந்தப் படத்தை முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், பிறகு ஒரு மலிவு டிவிடியில். குளத்தின் மேல் நீர்ப்பூச்சிகள் சறுக்கி விளையாடுகிற காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். நான் பார்த்த பிரதிகளில் அது சாம்பல் நிறத் தண்ணீரில் சில கறுப்புக் கீறல்கள், அவ்வளவுதான். செப்பனிட்ட டிஸ்க்கில் பார்த்தபோது, ஒவ்வொரு பூச்சியின் கால் பட்ட இடத்திலும் தண்ணீர் குழிந்து ஒளிர்வது தெரிந்தது. நாணல் வயலில் துர்காவும் அபுவும் ரயிலைப் பார்க்க ஓடும்போது, முன்பு வெள்ளைத் திட்டாக இருந்தது இப்போது ஆயிரக்கணக்கான பூங்கதிர்களாகப் பிரிந்து ஆடியது. நிறுத்தி மறுபடி பார்த்தேன். எழுபது வருஷத்துக்கு முன்பு சுப்ரத மித்ராவின் கேமரா முன்னால் அடித்த காற்று அது. தீயில் தப்பித்து வந்ததை அதற்குப் பிறகும் சுருக்கிக் குறைத்துத்தான் பார்ப்பேன் என்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. சில வருஷம் முன்பு ஒரு தளத்தில் காசு கட்டி ஒரு படத்தை ‘வாங்கினேன்’. வாடகை இல்லை, வாங்கியது. ஒரு நாள் இரவு தேடினால் பட்டியலில் அது இல்லை. உரிமம் முடிந்துவிட்டது என்று ஒற்றை வரி. நான் காசு கொடுத்தது படத்துக்கு அல்ல, அவர்கள் விடும் வரைக்கும் எட்டிப் பார்க்கிற அனுமதிக்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அலமாரியில் இருக்கிற தகட்டை எவரும் இரவோடு இரவாக எடுத்துக்கொண்டு போக முடியாது. 2023 நவம்பரில் ‘ஓப்பன்ஹைமர்’ 4கே டிஸ்க் வந்த முதல் வாரத்திலேயே அமெரிக்கக் கடைகளில் தீர்ந்துபோனதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய மாதம்தான் பெஸ்ட் பை என்ற பெரிய கடை இனி டிஸ்க் விற்பதில்லை என்று அறிவித்திருந்தது. ஆகவே சுவடு தெரியாமல் போகாது. சிறிய கூட்டம் ஒன்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டே இருக்கும், அந்தக் கூட்டத்தை நம்பிப் பழைய படங்களைச் செப்பனிட்டுப் போடுகிறவர்களும் இருப்பார்கள்.

நம் படங்களை அப்படிப் போடுவார் இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. அறுபதுகளின் படங்கள்கூட மங்கிப்போன டிவி பிரதியாகத்தான் நமக்குக் கிடைக்கின்றன, மேலும் கீழும் வெட்டி, ஓரத்தில் சேனல் முத்திரையோடு. கறுப்பு வெள்ளையில் நம் ஒளிப்பதிவாளர்கள் என்ன செய்தார்கள் என்பதை இந்தத் தலைமுறை கண்ணால் பார்த்ததே இல்லை.

நீங்கள் என்ன வாங்கலாம் என்று கேட்டால், ஒரு 4கே பிளேயர் வாங்குங்கள். புள்ளிக்காக அல்ல. ப்ளூ-ரேக்கு மண்டலப் பூட்டு உண்டு. அமெரிக்கா A, இந்தியா C. அங்கே வந்த அபு ப்ளூ-ரே இங்கே வாங்குகிற பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு அந்தப் பூட்டே கிடையாது, எந்த ஊரில் வாங்கியதும் எங்கேயும் ஓடும். அபு படங்கள் 4கேயிலும் வந்திருக்கின்றன. சுங்கம் சேர்த்து விலை கடிக்கும். அதனால் பத்துத் தடவை பார்ப்பேன் என்று உறுதியாகத் தெரிகிற படங்களை மட்டும் வாங்குங்கள், வருஷத்துக்கு மூன்றோ நான்கோ. மற்றதெல்லாம் ஓடிடியில் பார்த்தால் குற்றமில்லை. டிவியின் பட அமைப்பில் ‘விவிட்’ என்றிருப்பதை ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ராயின் படமும் சீரியல் மாதிரி ஓடும்.

டிஸ்க் வந்ததும் ஹால் விளக்கை அணைத்துவிட்டு, சோபாவை நாலடி முன்னால் இழுத்துப் போட்டு, மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். அந்தக் குளத்துக் காட்சி வரும்போது அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்